மூன்றாவது டப்பாவில் ஏன் நீலம்

ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்காமல் போன வாரம் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "பாய், மஞ்சள் டப்பா எதுக்குன்னு புரியுது. சிவப்பும் புரியுது. இந்த நீலம் எதுக்கு? வேற எந்தப் பட்டறையிலயும் இல்லையே." நான் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. நின்றபடி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் படியுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் நான் ஆரம்பித்து வைத்தவை. சிவகாசியில் இங்க்குக்குப் பஞ்சமா? எந்த அச்சாபீசில் கேட்டாலும் டின்னின் அடியில் மிஞ்சியதைத் தந்துவிடுவார்கள். நட்டைக் கையால் முடுக்கி விட்டிருந்தால் அதன் தலையில் ஒரு மஞ்சள் பொட்டு. முழுசாக இறுக்கி முடித்ததும் அதன்மேல் சிவப்புப் பொட்டு. வண்டியின் அடியில் தலையை விட்டுப் பார்த்தால், யாரையும் கேட்காமலே வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாப் பட்டறையிலும் பெயின்ட் பேனாவால் இப்படி ஏதோ ஒரு அடையாளம் வைப்பார்கள். நம் பட்டறையில் அச்சு இங்க், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னிடம் அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியே, "சிவகாசியில பந்தய வண்டி வேலையா?" என்பதுதான். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் இதைத் தவிர இந்த மண்ணில் வேறொன்றும் முளைக்காது என்று நினைப்பு. வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். திரும்பி வந்து இறங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அந்த முகங்களுக்காகவே நான் இத்தனை வருடம் கிரீஸில் புரண்டேன் என்று சொன்னால் தப்பில்லை.

சரி, நீலத்துக்கு வருகிறேன்.

நந்தினி என்று ஒரு பெண். அவள் அப்பா கனகவேல் அண்ணாச்சி காலண்டர் அச்சாபீஸ் வைத்திருப்பவர். ஒரே மகள். இன்ஜினியரிங் படித்துவிட்டு, அப்பா வாங்கித் தந்த டர்போ வைத்த சின்னக் காரை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தி, "பாய், இத நான் ரேஸ்ல ஓட்டணும்" என்றாள். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். வாரத்தில் பாதி நாள் பட்டறையிலேயே கிடந்தாள். கேள்விமேல் கேள்வி கேட்டு என்னைத் துளைத்தெடுத்தாள். பின் சீட், கம்பளம், ரேடியோ எல்லாவற்றையும் உருவி, வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கிற கூண்டுக் கம்பி வைத்து, அந்த வண்டியைப் பந்தயத் தடத்துக்கு மட்டுமே லாயக்கான வண்டியாக மாற்றினோம்.

அண்ணாச்சிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மகளின் பிடிவாதத்துக்காக ஒரே ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார். கோயம்புத்தூரில். அதற்குப் பிறகு வண்டியை விற்றுவிடுவது என்று பேச்சு. அவர் என்னைத் தனியாக அழைத்து, "இந்த ஒரு தடவைதான் பாய். அப்புறம் இந்த வண்டிய நீங்க பாக்க வேண்டியிருக்காது" என்றார். மகளுக்கும் அது தெரியும். "ஓடிக் காட்டிட்டா அப்பா மனசு மாறிரும் பாய்" என்று அவள் வேறு கணக்கில் இருந்தாள். ஓடாமலே போனால் அந்தக் கணக்கு பார்க்கவே வழியில்லை.

அந்த வருடம் பந்தயம் ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் விழுந்தது. காலையில் அங்கே வண்டியைப் பரிசோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். தீபாவளி சீசனில் நம் ஊரில் லாரி கிடைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எல்லா லாரியும் பட்டாசு லோடுக்குப் போய்விடும். எப்படியோ ஒரு லாரிக்காரரை நந்தினி பிடித்துவிட்டாள். பூஜை நாள் மத்தியானம் வண்டியை ஏற்றுவது, கோயம்புத்தூரில் இறக்கிவிட்டு அவர் உடனே திரும்பி வந்து லோடு ஏற்றுவது என்று ஏற்பாடு. "ரெண்டு மணிக்கு மேல நிக்க மாட்டேன் பாய், கம்பெனிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று முன்னமே சொல்லிவிட்டார்.

பூஜை அன்று காலையில் அரை நாள் வேலை. இன்ஜின் என் பொறுப்பு. டர்போவில் எண்ணெய் கசிவதை நிறுத்தி, ஓடவிட்டு, கேட்டு, திருப்தியாகிவிட்டேன். அடிப்பக்கம் முருகேசன் பொறுப்பு. சஸ்பென்ஷன் வேலையில் அவனைப் போல இன்னொரு கையை நான் பார்த்ததில்லை. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம்கள் வண்டியோடு சேருகிற இடத்தில் புது ரப்பர் புஷ் போட்டு முடித்து, ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தப் புஷ் நட்டைச் சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். வேகமாக வளைவில் திருப்பும்போது இன்னும் முறுக்கி, கிழிந்துவிடும். பிரேக்கில் கால் வைத்தால் வண்டி ஓட்டுகிறவர் நினைத்த பக்கம் போகாது. முருகேசன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஜாக்கியைக் கொடுத்து, பாரத்தை ஏற்றி, பிறகு இறுக்கி, சிவப்பு வைத்துக்கொண்டு வந்தான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒருவேளை இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பட்டாசு வெடிக்கிற சத்தம் வேறு. இது ஒரு பட்டாசுக் கம்பெனியே வெடித்தால் கேட்கிற மாதிரி. வயிற்றுக்குள் கேட்கும். தாயில்பட்டிப் பக்கமிருந்து வந்தது. சாலையில் போன பஸ்கூட ஓரமாக நின்றது. முருகேசன் பெண்டாட்டி பேச்சியம்மாள் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன் போட்டுக் கேட்க வழியில்லை, கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முருகேசன் ஸ்பானரை நட்டிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். பைக் சாவியை இரண்டு தடவை கீழே போட்டான். நான் சாவியைப் பிடுங்கி, "ஏறுலே பின்னால" என்றேன். அந்த நிலையில் ஒருத்தனைத் தனியாக வண்டி ஓட்ட விடக் கூடாது. இதையும் மனதில் வையுங்கள்.

வழியெல்லாம் அவன் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தான். கம்பெனி கேட்டுக்குப் போனால் அங்கே எல்லாம் அதது அதனதன் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கல் குவாரியில் பாறைக்கு வைத்த வெடி, கொஞ்சம் பலமாகிவிட்டதாம். பேச்சியம்மாள் முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப்பொடியோடு கேட்டுக்கு வந்து, புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலைய விட்டுட்டு எதுக்கு ஓடியாந்தீக? பாயையும் இழுத்துக்கிட்டு. போங்க, போயி வேலையப் பாருங்க" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்திலும் வெள்ளிப்பொடி ஒட்டிக்கொண்டது. முருகேசன் அப்போதுதான் சிரித்தான். நானும் வாசலிலேயே நின்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது பட்டறையில் பூஜை முடிந்திருந்தது. பூஜை போடுவது எப்போதும் பையன்கள் பாடு. பொரி, கடலை, மாலை வாங்கிக் கொடுப்பது என் பாடு. நான் போய் வந்த நேரத்தில் வயரிங் வேலை பார்க்கிற சேது முன்னால் நின்று எல்லாவற்றையும் அழகாகச் செய்து முடித்திருந்தான். லிப்டில் தூக்கி நிறுத்தியிருந்த நந்தினியின் வண்டிக்கும் மாலை. பானெட்டில் சந்தனம், குங்குமம். நல்லது என்று அடியில் குனிந்து பார்த்தேன்.

லோயர் ஆர்ம், நட்டு, போல்ட்டு ஒன்று விடாமல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மஞ்சள்மேல் சிவப்பு. எங்கள் அடையாளம் எது, சாமி பொட்டு எது என்று தெரியவில்லை.

"ஏலே சேது, அடியில எதுக்குலே வச்ச?"

"நீங்கதான பாய் சொல்லுவீக, இந்த வண்டிக்கு உயிரே அடியிலதான் இருக்குன்னு. அதான் அங்கனயும் வச்சோம்."

சொன்னவன் நான்தான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

முருகேசனைக் கேட்டேன். எந்த நட்டு வரைக்கும் இறுக்கினாய்? "சத்தத்துக்கு முன்னாடி எதுவும் நெனப்புல இல்ல பாய். எங்கன விட்டேன்னு தெரியல. எல்லாம் போயிருச்சு" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். எல்லாம் முடித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவன் சொல்லவில்லை. அவன் பெருமை அது.

அதற்குள் லாரி வந்து வாசலில் நின்றது. நந்தினி வந்தாள். பின்னாலேயே அண்ணாச்சியும் அச்சாபீசிலிருந்து நேராக வந்து இறங்கினார். சேது, "இறுக்கம் பாக்குற டார்க் ரெஞ்சு வச்சுப் பாத்துருவோம் பாய், இறுகியிருந்தா கிளிக்குன்னு சத்தம் வந்துரப் போகுது" என்றான். நல்ல யோசனைதான். வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு நட்டிலும் கிளிக். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு. ஏத்திரலாமா பாய்?" என்றாள் நந்தினி. லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நம் தொழிலில் நெருக்கடி என்பது இன்ஜின் புகைகிற நேரம் அல்ல. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற இந்த மாதிரி நேரம்தான். நட்டு இறுகியிருக்கிறதா என்று ரெஞ்சு சொல்லும். பாரம் உட்கார்ந்திருந்தபோது இறுக்கினதா, தொங்கும்போது இறுக்கினதா என்று ரெஞ்சு சொல்லாது. அது இறுக்கினவனுக்குத்தான் தெரியும். இறுக்கினவன் நினைப்பில் இல்லை.

"எனக்குத் தெரியல தாயி" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாயே சொல்லிட்டாரு. விட்டுரும்மா. நல்லதாப் போச்சு" என்று மகள் தோளில் கை வைத்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வண்டி தகுதியில்லேன்னு நான் சொல்லல அண்ணாச்சி. தெரியலேன்னு சொன்னேன். எல்லாத்தையும் லூசாக்கி, பாரத்துல வச்சு, மறுபடி இறுக்கினா தெரிஞ்சுபோகும். தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுதேன்."

"ரெஞ்சு காட்டிச்சே பாய்" என்றாள் நந்தினி. "லாரி போயிருச்சுன்னா எனக்கு அவ்வளவுதான். இன்னொரு தடவை அப்பா விடமாட்டாரு. உங்களுக்குத் தெரியும்ல."

"தெரியும் தாயி. வேலை செஞ்சவனுக்கே நெனப்பில்லாத வேலைய, என் பட்டறை வேலைன்னு சொல்லி உன்னை அதுமேல உக்கார வைக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே பயம்தான். அவர் அந்தப் பயத்தை வைத்துப் பந்தயத்தை நிறுத்தப் பார்த்தார். நான் அதே பயத்தை வைத்து வண்டியைச் சரியாக அனுப்பப் பார்த்தேன். நம் தொழிலே அதுதானே.

வண்டியை இறக்கிக் குழிமேல் நிறுத்தினோம். இப்போது பாரம் முழுக்கச் சக்கரத்தில். முருகேசனும் நானும் குழிக்குள் இறங்கினோம். பின்பக்கம் இரண்டும் லூசாக்கினோம், வண்டி அசையவில்லை. முன்னால் வலது பக்கம், அசையவில்லை. லாரிக்காரர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நந்தினி ஓடிப்போய் அவரிடம் ஏதோ கெஞ்சுவது கேட்டது. முன்னால் இடது பக்கத்து நட்டில் முருகேசன் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினான்.

'டொக்'கென்று ஒரு சத்தம். வண்டியின் அந்த மூலை மட்டும் எங்கள் தலைக்குமேல் ஒரு விரல் கனம் இறங்கி உட்கார்ந்தது.

முறுக்கிக்கிடந்த ரப்பர் விடுபட்டுவிட்டது; அந்த நட்டு மட்டும் சக்கரம் தொங்கும்போது இறுக்கியது. குழியிலிருந்து பார்த்தால் விளிம்பில் சேதுவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவன் மெதுவாகச் சொன்னான்:

"அந்த நட்டு நான் இறுக்குனது பாய். முருகேசண்ணன் ஸ்பானர அதுல மாட்டிட்டு, ஜாக்கிய இந்தப் பக்கம் கொண்டாறதுக்குள்ள ஓடிட்டாக. ஓடுறவன் வேலைய பக்கத்துல இருக்குறவன் எடுத்துக்கணும்னு எங்கம்மா சொல்லும். அதான் முடிச்சு வச்சேன். ஜாக்கி குடுக்கணும்னு எனக்குத் தெரியாது."

அவன் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிதான். சத்தம் கேட்டு ஒருத்தி எழுந்து ஓடினால், அடுத்து உட்கார்ந்திருப்பவள் அவள் முன்னால் கிடப்பதையும் சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் வெளியே வருவாள். இந்த ஊர்க்காரர்கள் கேட்காமலே ஒருத்தருக்கொருத்தர் செய்கிற காரியம் அது. சேது அந்த அன்பைத்தான் செய்தான். செய்ததை ஒரு பெரிய விஷயமாக நினைக்காததால் சொல்லவில்லை. வயரிங்காரனுக்கு ரப்பர் புஷ் சங்கதி எப்படித் தெரியும்? முருகேசன் குழியிலிருந்து ஏறிப்போய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "எனக்காகத்தானலே செஞ்ச. வா, வந்து ஜாக்கி எப்படிக் குடுக்கணும்னு பாத்துக்க" என்றான்.

சத்தத்தை லாரிக்காரரும் கேட்டிருக்கிறார். சீசன் முழுக்க வெடி லோடு ஏற்றுகிற மனுஷர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "நல்லா பாருங்க பாய். கம்பெனிக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

மூலை இறங்கியதால் சக்கரத்தின் கோணமும் மாறிவிட்டது. வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அளந்து, கோணத்தைத் திரும்ப வைத்தோம். நூலின் ஒரு முனையை நந்தினிதான் பிடித்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை அசையாமல் பிடித்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும், இவள் ஓட்டுவாள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

இறுக்கி முடித்த பிறகு அடையாளம் வைக்கவேண்டும். மஞ்சளும் சிவப்பும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. நான் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அண்ணாச்சி தன் காருக்குப் போனார். சாம்பிள் பார்க்க வைத்திருந்த நீல இங்க் டின் ஒன்றை எடுத்துவந்து குழி விளிம்பில் வைத்தார். "பூஜையில நீலம் வராதுல்ல பாய்" என்றார். விரலால் தொட்டு ஒவ்வொரு நட்டிலும் நான் நீலம் வைத்தேன். அவர் குனிந்து, கடைசி நட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நந்தினியோடு லாரி கிளம்பியது. அண்ணாச்சியும் தன் காரில் பின்னாலேயே போனார். மகளின் பந்தயத்தைப் பார்க்கவா, பாதியில் திருப்பிக் கூட்டிவரவா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பூராவும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். தொழுகைக்குப் போனபோதும் மனசெல்லாம் அந்த இடது பக்கச் சக்கரத்தில்தான். முருகேசனும் சேதுவும் லீவு நாளில் வேலையிருக்கிற மாதிரி பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. அவள் ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு இடம். ஆனால் எந்த இடம் என்று அவள் முதலில் சொல்லவில்லை. முதலில் சொன்னது இதுதான்: "பாய், பிரேக் புடிச்சா வண்டி நேரா நின்னுச்சு பாய். எந்த வளைவுலயும் என்னை ஏமாத்தல."

ஒரு மெக்கானிக்குக் கோப்பை எதற்கு? அந்த வார்த்தை போதும். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மூன்று பேரும் கேட்டோம். முருகேசன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் ஓய்வு பெறும்போது ஒரே ஒரு விதியைத்தான் சுவரில் எழுதாமல் டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு முடித்த வேலைக்கு வைத்த நீலத்துக்கு அதற்குப் பிறகு வேறு வேலை கொடுத்தேன்: அடுத்தவர் பாதியில் விட்ட வேலையில் கை வைத்தால் அதன்மேல் நீலம் வையுங்கள். உதவி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், செய்தது தெரியும்படி செய்யுங்கள். நீலத்தைப் பார்க்கிறவர், அந்த வேலையை லூசாக்கி முதலிலிருந்து செய்யவேண்டும். வாசலில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் சரி. உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலில் பேசியதிலேயே எனக்குப் பெருமையான பேச்சு அதுதான்.

அன்றைக்குப் போனை மகளிடமிருந்து அண்ணாச்சி வாங்கினார். பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது. நான்தான், "அண்ணாச்சி, வண்டிய எப்ப விக்கப் போறீக?" என்று கேட்டேன்.

"அந்த நீல இங்க்கு உங்களுக்கு இன்னும் வேணும்ல பாய்" என்றார். "பெரிய டின்னாவே குடுத்துவிடுதேன். அவ ஓட்டுறதைப் பாத்தா சின்ன டின்னு பத்தாது போலருக்கு."